பதினோரு விநாடி

அன்று காலையிலிருந்து வெற்றிச்செல்வி மூன்று பேருக்கு ஆதார் அட்டையின் முன்பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டாள். மூன்று பேரும் பாதி வழி போய்த் திரும்பி வந்தார்கள். வேறு நாளாக இருந்தால் கடைக்காரர் திருமுருகன் சத்தம் போட்டிருப்பார். இன்று அவருக்கே கண் சாலையில்தான் இருந்தது. அரியலூரிலிருந்து திருமழபாடி போகிற அந்தச் சாலையில் சிமென்ட் லாரிகளைக் காலையிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். லாரி ஓடாத சாலை, ஆள் காலி செய்துபோன வீடு மாதிரி அகலமாகத் தெரிந்தது. லாரி ஓட்டும் வைரக்கண்ணு வேலையில்லாமல் கடைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நான்கு நாள் சைக்கிள் பந்தயம். இன்று கடைசி நாள். பெரம்பலூரில் கிளம்பி இந்த வழியாகப் போய்த் திருமழபாடியில் கொள்ளிடக் கரையில் முடிகிறது. நான்கு நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைவோ அவருக்கு முதலிடம். நேற்று வரைக்கும் எறையூர் செந்தில்குமார் முன்னால் இருந்தான். முதலில் இருப்பவன் போடுகிற மஞ்சள் சட்டை அவனிடம் இருந்தது. பதினோரு விநாடி பின்னால் உடையார்பாளையம் பூவரசன். வெற்றிச்செல்வியின் கூடப்பிறந்த அண்ணன்.

"நேத்து பச்சமலையில ஏறுறப்ப முன்னாடி போனது யாரு? அத மொதல்ல சொல்லுங்க" என்றார் வைரக்கண்ணு. "மல முச்சூடும் பூவரசன் காத்துல முட்டிக்கிட்டுப் போறான். உங்காளு அவன் முதுகுக்குப் பின்னாடி பதுங்கிக்கிட்டே வரான், மழைக்கு ஒதுங்கின கோழியாட்டம்."

திருமுருகனுக்கு எறையூர் தாய்மாமன் ஊர். விடுவாரா? "அதுக்குப் பேரு மூளைய்யா. உங்காளு காத்தோட சண்ட போட்டான். எங்காளு மஞ்சச் சட்டையப் போட்டான். எறையூர்க் கரும்பு தின்னு வளந்த ஒடம்பு அது. உடையார்பாளையத்து முந்திரிக்கொட்டையெல்லாம் முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கத்தான் லாயக்கு."

"பதினோரு செகண்டு ஒரு பெரிய செகண்டா? இன்னிக்குப் பாருங்க. சாயங்காலம் உங்க கடையில அத்தன பேருக்கும் நீங்கதான் டீ வாங்கித் தரப்போறீங்க."

மூன்று நாளாக இதே பேச்சு. முதல் நாள் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது வெற்றிச்செல்வி மெதுவாக ஒன்று கேட்டாள்: ரெண்டு பேரும் ஏன் ஒரே நீல ஹெல்மெட் போட்டிருக்கிறார்கள்? வைரக்கண்ணு சிரித்தார். "நம்ம பக்கத்துப் புள்ளைங்கள்ல! கபடிக்கு மாவட்டத்துக்கு ஒரு பனியன் தருவாங்கல்ல, அந்த மாதிரி." திருமுருகனும் தலையாட்டினார். அந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

அவளுக்குப் பதினோரு விநாடி எவ்வளவு என்று தெரியும். மெஷின் ஒரு அட்டையின் இரண்டு பக்கத்தையும் எடுத்துத் தள்ளுகிற நேரம். அவ்வளவுதான். அதற்குள் என்ன இருக்கிறது என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். போன வருஷம், வீட்டில் இரண்டு பேரில் ஒருவரைத்தான் தூக்கிவிட முடியும் என்று ஆனபோது ப்ளஸ் ஒன்னோடு நின்றது அவள். யாரும் நில் என்று சொல்லவில்லை. காலையில் எல்லோரும் கிளம்பும்போது அவள் கிளம்பவில்லை, அவ்வளவுதான். இந்தப் பொங்கலன்று அண்ணன்தான் பேச்சை எடுத்தான். "இந்த ரேஸ்ல மொத எடம் வந்தா விளையாட்டு கோட்டாவுல வேல நிச்சயம் பாப்பா. ஜூன்ல நீ மறுபடி ஸ்கூலுக்குப் போற. நான் சொல்றேன்ல?" அடுத்த வாரமே யூனிஃபார்ம் சுடிதாரின் கீழ்மடிப்பைப் பிரித்து ஒரு அங்குலம் இறக்கித் தைத்துவிட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

இன்று காலை போன் செய்தபோது அண்ணன், "நீ கடைக்குள்ளயே இரு, ரோட்டுக்கு வராத, கூட்டமா இருக்கும்" என்றான். பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு போலீஸ் ஜீப் வந்தது. பிறகு இரண்டு மோட்டார் சைக்கிள். அதற்குப் பின்னால் மூன்றே மூன்று பேர்: முன்னால் பூவரசன், அவன் பின்சக்கரத்தை ஒட்டி மஞ்சள் சட்டையில் செந்தில்குமார், கடைசியில் சிவப்புச் சட்டை போட்ட கோயம்புத்தூர்க்காரன். வெற்றிச்செல்வி எப்போது கடையை விட்டு வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடைக்கு நேர் எதிரே, லாரிகள் நசுக்கிப் பிளந்த தாரின் விளிம்பில் ஏறி, டப்பென்று ஒரு சத்தம். செந்தில்குமாரின் முன்சக்கரம் வெடித்தது. அவன் தடுமாறிக் காலை ஊன்றி நின்றான். சக்கரம் மாற்றித் தருகிற உதவிக் கார் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

"போச்சு! மஞ்சச் சட்ட போச்சு!" வைரக்கண்ணு துள்ளிக் குதித்துத் திருமுருகனையே கட்டிப்பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத வெற்றிச்செல்வி, பொது ரோட்டில், ஆம்பளைகளுக்கு நடுவே, தொண்டை கிழியக் கத்தினாள்: "அண்ணே, போ! போ!"

பூவரசன் திரும்பிப் பார்த்தான். பிரேக் பிடித்தான்.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தான். இறங்கினான். தன் முன்சக்கரத்தைக் கழற்றினான். செந்தில்குமாரின் சைக்கிளில் மாட்டினான். அவன் முதுகில் கைவைத்து ஓடிப்போய்த் தள்ளிவிட்டான். செந்தில்குமார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்புச் சட்டையைத் துரத்திக்கொண்டு மஞ்சள் சட்டை வளைவில் மறைந்தது.

கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். பேச்சில் ஜெயித்திருந்த திருமுருகனுக்குக்கூட முகத்தில் சந்தோஷம் வரவில்லை. வைரக்கண்ணு விரித்த கையை மடக்க மறந்து நின்றார். "டேய் பூவரசு... என்னடா பண்ணித் தொலச்ச?" என்றார். திட்டு மாதிரி ஆரம்பித்த குரல், கடைசியில் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டது.

முன்னால் சக்கரமில்லாத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பூவரசன் சாலை ஓரத்தில் நின்றான். வெற்றிச்செல்வி அவனிடம் போனாள்.

"எதுக்குண்ணே குடுத்த?"

"அவன்தான் பாப்பா டீமுக்குத் தலைவன். நாங்க ஒரே டீமு. அவன ஜெயிக்க வெக்கத்தான் என்னைய எடுத்துருக்காங்க."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே. கார்த்திகையில கையெழுத்துப் போட்டதே அதுக்குத்தான்."

கார்த்திகை. அதற்குப் பிறகு மார்கழி. அதற்குப் பிறகுதான் பொங்கல். அவள் மாதங்களை மனசுக்குள் ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்த்தாள். இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். வரிசை மாறவில்லை.

"அப்பன்னா, பொங்கலன்னிக்கு எங்கிட்ட சொன்னது?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. மூக்கு நுனியிலிருந்து வியர்வை தாரில் சொட்டிக்கொண்டிருந்தது. "நீ பாத்திரத்தக் கழுவி வெச்சிட்டு அப்படியே நின்ன. ஏதாச்சும் சொல்லணும்னு..." என்று இழுத்தான்.

பின்தங்கியிருந்த நாற்பது ஐம்பது பேர் ஒரே கும்பலாக, தேனீக்கூட்டம் போல் இரைந்துகொண்டு அவர்களைத் தாண்டிப் போனார்கள். அவள் துப்பட்டா அந்தக் காற்றில் எழும்பி அடங்கியது. பிறகுதான் அவர்கள் டீமின் நீல உதவிக் கார் வந்தது. மெக்கானிக் குதித்து இறங்கி, சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கிப் புதுச் சக்கரத்தை மாட்டினான். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க உள்ளங்கையால் ஒரு சுழற்று சுழற்றினான். பூவரசன் ஏறி உட்கார்ந்தான்.

வெற்றிச்செல்வியின் கை சைக்கிளின் ஹேண்டில்பார் மேல் இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை.

"கைய எடும்மா. டைம் போவுதுல்ல?" என்றான் மெக்கானிக்.

அவள் எடுக்கவில்லை. பூவரசன் அவள் விரல்களை விலக்கவும் இல்லை. பெடலை மிதிக்கவும் இல்லை. மெக்கானிக் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான். தரையைத் தொடாத புதுச் சக்கரம் வெயிலில் மின்னிக்கொண்டு, அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில், தன்பாட்டில் சுழன்றுகொண்டிருந்தது.