அவன் கையில் இருந்த போன்

அரியலூர் கோர்ட் வாசலில் நின்றிருந்த வளர்மதிக்குக் காலையிலிருந்து ஒரு வாய் டீகூட இறங்கவில்லை. உள்ளே போய்ச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சங்கதிதான். லாரி ஓட்டி வந்தவன் போன் பேசிக்கொண்டே வந்து மோதினான், அதை என் கண்ணால் பார்த்தேன். இதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டால் அவன் ஜெயிலுக்குப் போவான் என்று அரசு வக்கீல் சொல்லியிருந்தார். பக்கத்தில் நின்ற ஓரகத்தி ஜோதி, புருஷன் கலையரசன் போன நாளிலிருந்து இதற்காகத்தான் சோறு தின்று உயிரை வைத்திருந்தாள்.

பார்த்தது வளர்மதி ஒருத்திதான். செந்துறை ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். கொழுந்தன் கலையரசன் பைக்கில் வந்தான், எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி வந்தது. ஒரு சத்தம், வெள்ளைப் புழுதி. அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு அவ்வளவு போதுமா? ஜோதியைக் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும் எல்லாரும் வளர்மதி பக்கம் திரும்புவார்கள். எப்படி ஆச்சு என்று பார்த்தவள் வாயால் கேட்காமல் எழுந்து போனால் வந்ததற்கே மரியாதை இல்லை. மீன்சுருட்டி சனம் வந்தால் ஒரு தடவை, ஜெயங்கொண்டம் சனம் வந்தால் ஒரு தடவை என்று கருமாதி வரைக்கும் ஆதியோடந்தமாகச் சொன்னாள். வேகமாக வந்தானா, ஹாரன் அடித்தானா, குடித்திருந்தானா என்று தோண்டித் தோண்டிக் கேட்டார்கள். பெரியம்மாள் சித்திதான், "செல்லு பேசிக்கிட்டு வந்திருப்பான், இல்ல?" என்றது. இருக்கும் என்றாள் வளர்மதி. அடுத்த தடவை சொல்லும்போது அந்த 'இருக்கும்' எங்கேயோ உதிர்ந்துபோயிற்று. அதற்கடுத்த தடவை போன் அவன் காதில் இருந்தது. பொய் சொல்கிறோம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. சொல்லச் சொல்லக் கண்ணுக்குத் தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. கருமாதி முடிந்து ஸ்டேஷனில் கேட்டபோது தங்குதடையில்லாமல் சொல்லிக் கையெழுத்தும் போட்டாள்.

ஜோதி வக்கீலைப் பார்க்க உள்ளே போன நேரம், ஒல்லியாக ஒருவன் வந்து கும்பிட்டான். லாரி டிரைவர் அறிவரசன் என்று அவனே சொன்ன பிறகுதான் வளர்மதிக்குத் தெரிந்தது. முகம் துளியும் அடையாளம் பிடிபடவில்லை. காது நினைவிருந்தது, காதில் வைத்த போன் நினைவிருந்தது, முகத்தைக் காணோம்.

"எம் மேல தப்பே இல்லன்னு சொல்லலிங்க. பிரேக்கு போட்டேன், நிக்கல. ஆனா போனு பையில கெடந்துச்சு. நீங்க நெசமாவே பாத்தீங்களாக்கா?"

அவன் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். இவனோ தன்மையாகக் கேட்கிறான். சிவப்பு உறை போட்ட போன், பார்த்தேன் என்றாள். அவன் சிவப்பா என்று முனகினான். அப்புறம் தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

ஜோதி திரும்பி வரும்போது அவள் பைக்குள் போன் அடித்தது. எடுத்தாள். கலையரசனுடைய போன், அன்றிலிருந்து அவள்தான் வைத்திருக்கிறாள். சிவப்பு உறை. ரோட்டில் விழுந்ததில் ஒரு முனை உடைந்திருந்தது. புழுதியிலிருந்து அதை எடுத்து முந்தானையால் துடைத்துக் கொடுத்தவளே வளர்மதிதான்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனசுக்குள் அந்தப் போனைத் திரும்ப ரோட்டில் போட்டுப் பார்த்தாள். போடப் போட அது லாரிக்காரன் காதுக்கே ஏறியது. முதல் நாள் பார்த்தது மட்டும் எது என்று பிரிக்கப் பார்த்தாள். நாலு நாள் சுண்டவைத்த குழம்பில் எது முதல் நாள் போட்ட புளி என்று எப்படிப் பிரிப்பது? தன் கண்ணே தனக்கு எதிராளியாகிவிட்டதே என்று அழுகை முட்டியது.

"ஜோதி, அவன் கையில போனு இருந்துச்சான்னு எனக்கே இப்ப தெரியலடி."

ஜோதி கோபப்படவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்கக்கா. நீங்க சொல்லிச் சொல்லி நானே பாத்துட்டேன். கண்ண மூடுனா அவன் பேசிக்கிட்டு வர்றதுதான் தெரியிது."

அவன் போன் பேசவில்லை என்று சொல்லவும் வளர்மதிக்கு வாய் வரவில்லை, அதையும்தான் அவள் பார்க்கவில்லையே. உள்ளேயிருந்து டவாலி அவள் பெயரைக் கூப்பிட்டான். இரண்டாம் தடவையும் கூப்பிட்டான். அறிவரசன் சுவரோரம் தலையைக் குனிந்தபடி நின்றான். ஜோதி அவள் முதுகில் கைவைத்து மெதுவாக முன்னே அனுப்பினாள்.

படியேறும்போது வளர்மதி ஒரு நொடி கண்ணை மூடினாள். செந்துறை ரோடு வந்தது. வெயிலும் லாரியும் வந்தன. கண்ணாடிக்குப் பின்னால் அவன் கையில் அந்தச் சிவப்புப் போன் இருந்தது. அதன் முனை உடைந்திருந்தது.