ஒரு மணித்தியாலப் பொதுமக்கள்

அக்கராயன் குளக்கட்டின் கீழே வெள்ளைக்காரன் காலத்து ஓவசியர் பங்களா ஒன்று பாழடைந்து கிடந்தது. போரில் இடம்பெயர்ந்திருந்த வருடங்கள் போக, அதன் மருதமர நிழலும் குளத்துப் படிக்கட்டும் ஆண்டியப்பனுக்குச் சொந்த வீடு மாதிரி. வயல்வேலை முடிந்தால் அங்கேதான் குளியல், அங்கேதான் ஒரு குட்டித் தூக்கம்.

பங்களாவைக் காப்பாற்றக் கொழும்பிலிருந்து ஓர் அறக்கட்டளை வந்தது. ஆண்டியப்பனிடமிருந்துதான் காப்பாற்றப் போகிறார்கள் என்று முதலில் யாரும் சொல்லவில்லை. ஓடு மாற்றி, சுண்ணாம்பு பூசி, மரங்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை மாட்டினார்கள். கடைசியில் குளப்படியையும் சேர்த்துக் கம்பிவேலி அடித்து, கேற்றில் எழுதினார்கள்: 'பொதுமக்களின் மகிழ்ச்சிக்காகப் பாதுகாக்கப்படும் இடம். உட்செல்லத் தடை.'

"தம்பி, பொதுமக்கள் எண்டா ஆர்?" என்று திட்ட அலுவலர் ஜனார்த்தனனிடம் ஆண்டியப்பன் கேட்டார்.

"எல்லாரும்தான் ஐயா."

"அப்ப நான்?"

ஜனார்த்தனன் படித்தவன். இப்படியான கேள்விகளுக்கென்றே கைபேசி வைத்திருந்தான். அதைக் காதில் வைத்துக்கொண்டு அப்பால் போய்விட்டான்.

மூன்று மாதம் ஆண்டியப்பன் வீட்டுக் கிணற்றில் குளித்தார். எத்தனை வாளி ஊற்றியும் குளித்த மாதிரி இல்லை. காரணமில்லாமல் மனைவி சுப்பம்மாவில் எரிந்து விழுந்தார்.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் ஜனார்த்தனன் வியர்த்து வழிய வந்து நின்றான். நிதி தந்த அம்மையார் நேரில் வருகிறாராம். மகிழ்கின்ற பொதுமக்களைப் பார்க்க வேண்டுமாம்.

"ஐயா, சனத்தைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒரு மணித்தியாலம் சந்தோசமா இருந்திட்டுப் போகலாம்."

"வந்து என்ன செய்யவேணும்?"

"ஒண்டும் வேண்டாம். வழமைபோல இருங்கோ."

சொன்ன சொல்லை ஆண்டியப்பன் தட்டவில்லை. விழாவில் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே துவாயோடு படியிறங்கி, மூன்று முழுக்குப் போட்டார். ஜனார்த்தனனின் முகம் வெளிறியது. அம்மையாரோ கைதட்டிப் படமெடுக்கச் சொன்னார்.

தலை துவட்டியபடியே ஆண்டியப்பன் கேட்டார்: "அம்மா, நாங்கள் நாளைக்கும் சந்தோசப்பட வரலாமோ?"

"என்ன கேள்வி? இது உங்கட இடம். ஒவ்வொரு நாளும் வாங்கோ!"

ஒலிவாங்கி வழியாக ஊரே கேட்டது. கேற்றுப் பூட்டின் திறப்பை ஆண்டியப்பனின் ஈரக் கையில் வைப்பதைத் தவிர ஜனார்த்தனனுக்கு வேறு வழியிருக்கவில்லை.

மறுநாள் காலையே வாளி, சவர்க்காரம், ஊத்தை உடுப்பு மூட்டையோடு சனம் மகிழ வந்துவிட்டது. சுப்பம்மா தோய்த்த சேலைகளைக் கம்பிவேலியில் விரித்தாள். கழுத்தளவு தண்ணீரில் நின்ற ஆண்டியப்பன், கரையில் கையைப் பிசைந்துகொண்டிருந்த ஜனார்த்தனனைப் பார்த்தார். பாவமாக இருந்தது.

"தண்ணி நல்லாயிருக்கு தம்பி. இறங்குங்கோ."

ஜனார்த்தனன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினான்.