ஐந்து ஏக்கர் மக்காச்சோளம்

புருஷன் செத்து ஏழாவது வாரம், வேளாண்மை ஆபீஸிலிருந்து அளவைக்காரர் வந்தார். வாசலில் நின்று, வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றாள். எப்போது வருவார் என்றார். செத்துப் போய்விட்டார் என்பதை, கடைக்குப் போயிருக்கிறார் என்பதுபோலச் சொன்னாள். இப்போதெல்லாம் எது சொன்னாலும் அப்படித்தான் வாயிலிருந்து வந்தது.

மானியத்துக்கு விண்ணப்பம் கொடுத்தது புருஷன். எட்டு ஏக்கர் மக்காச்சோளம் என்று விதைப்புக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். பயிர் முளைத்ததை ஆபீஸ் ஆள் நேரில் பார்த்து எழுதினால் ஏக்கர் கணக்கில் மானியம் வரும். ஐந்து ஏக்கர் விதைத்து முடித்த அன்று மத்தியானம், ஓடுகிற டிராக்டரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மீதி மூன்று ஏக்கரை அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொழுந்தன் முந்தின வாரமே வந்து பாடம் நடத்திவிட்டுப் போயிருந்தான். விதைத்தோம், மழையில் அழுகிவிட்டது என்று சொன்னால் போதும், அழுகினதற்கும் மானியம் உண்டு, யார் குடியும் முழுகிவிடாது என்றான். அவள் தலையாட்டினாள். அந்த ஏழு வாரத்தில் அவள் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

அளவைக்காரர் கையில் ஒரு கருவியோடு வரப்பில் நடந்தார். அவள் பின்னால் போனாள். பயிர் முழங்கால் உயரம், நூல் பிடித்த மாதிரி வரிசை. டிராக்டர் கடைசி ஓட்டத்தில் சேர்த்து விதைத்த நாலு வரிசையும் நிலத்தின் நடுவில் ஒரே இடத்தில் நின்றுபோயிருந்தன. அதற்கப்பால் வெறும் களை.

அவர் குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். கல்நெஞ்சக்காரர் இல்லை.

"மழைதானேம்மா? மழைன்னே எழுதிக்கிறேன்."

அவள் அந்த நாலு கடைசிச் செடிகளைப் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"இல்லைங்க. இங்கதான் வண்டி நின்னுச்சு. அவர் விதைச்சது இவ்வளவுதான்."

"மூணு ஏக்கர் பணம் போயிடும்மா."

"அஞ்சுன்னே எழுதுங்க."

கையெழுத்துப் போட்டாள். எழுத்து அவளுடையது மாதிரியே இல்லை.

விஷயம் தெரிந்ததும் கொழுந்தன் குதித்தான். வாய்க்கு வந்ததைச் சொன்னான். பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பட்டாவை மாற்று, சான்றிதழ் கொண்டுவா என்று ஆபீஸில் அவளை நாலு தடவை நடக்கவிட்டார்கள். ஒரு படிவத்தில் 'முந்தைய விவசாயி' என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதினாள். ஐந்து ஏக்கருக்கான பணம் வந்தது. டீசல் கடைக்கும் உரக் கடைக்கும் போனது.

அதற்கடுத்த வாரம் ஒருநாள் காலையில் டிராக்டர் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அந்த மூன்று ஏக்கரில் கொழுந்தன் களையை உழுதுகொண்டிருந்தான். அவள் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தான்.

"மக்காச்சோளத்துக்குக் காலம் தப்பிடுச்சு அண்ணி. மாட்டுக்குத் தீவனமாவது போடுவோம். மானியம் கிடையாது."

"சரி" என்றாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் வயிற்றை என்னவோ செய்தது. பசி என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அடுப்படியில் நின்றுகொண்டே இரண்டு ரொட்டித் துண்டுகளைத் தின்றாள். ருசி ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதையும் எடுத்துக்கொண்டாள்.