சதுப்பில் இறங்கிய காலாட்கள்

ஆட்டம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம். நான் எழுந்து போக வேண்டுமானால் மூன்று பேர் நாற்காலியை நகர்த்த வேண்டும். தெரிந்துதான் அண்ணன் இந்த இடத்தில் உட்கார வைத்தானோ?

இப்படி நினைத்துக்கொண்டிருந்த எத்னாவின் முதுகுக்குப் பின்னால் சுவர், வயிற்றை ஒட்டி மேசை. அத்லோன் நகரில் ஓர் ஓட்டல் கூடத்தில், மேசைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தி இருவர் இருவராக ஆடும் போர் விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலப் பிரபுவின் படையோடு வந்திருந்தான் அண்ணன் ஃபெர்கல். கவசக் குதிரைகள் அவனுக்கு. பிரபுவுக்குத் துணை வந்த ஐரிஷ் தலைவனின் வெறுங்கால் ஈட்டிக்காரர்கள் அவளுக்கு. சின்ன வயதிலிருந்தே பங்கு அப்படித்தான்.

எதிரே ஸ்காட்லாந்துப் படையுடன் பெல்பாஸ்ட்காரர்கள் இருவர்.

அவளுடைய ஆட்களை மேசைமேல் அமைத்திருந்த சதுப்பில் இறக்கச் சொன்னான் ஃபெர்கல். அங்கே எதிரியைத் தடுத்து நிறுத்தினால் போதும், பின்னாலேயே வந்துவிடுவானாம். சதுப்பில் குதிரை இறங்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் கை தானாகப் பொம்மைகளை நகர்த்தியது. தன் முறை வந்ததும் அவன் குதிரைகளை மேட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கூட்டாளியைச் சேத்துல விட்டுட்டுக் கிளம்பிட்டாரு பிரபு," என்றார் எதிரே இருந்த தாடிக்காரர். "நல்ல வம்சம்தான் ஐயா உங்களது."

ஃபெர்கல் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

எதிராளிகள் தேநீர் வாங்கப் போனதும் அவன் குரலைத் தாழ்த்தினான். இடுப்பெலும்பு முறிந்து மலிங்கர் மருத்துவமனையில் கிடக்கும் அம்மாவைத் திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தனியாக விட முடியாது. அவனுக்கு மூன்று பிள்ளைகள். கார்க் நகரில் அவள் ஒண்டிக்கட்டை. பால் சோதிக்கிற வேலை வேறு ஊரில் கிடைக்காதா? அம்மாவிடம் கேட்டாயா என்றாள். அம்மாவுக்குச் சந்தோஷம்தானாம்.

"வார்டு நர்ஸ்கிட்ட நீ அம்மாகூடத் தங்க வந்துடுவேன்னு சொல்லிட்டேன். ஒரு வருஷம்தான் எத்னா. அப்புறம் நான் பாத்துக்கிறேன்."

சரி என்ற சொல் அவன் கேட்பதற்கு முன்பே அவள் நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அம்மாமேல் பாசம் இல்லாமலில்லை. ஆனால் இப்போது வாயைத் திறப்பது பாசமல்ல, பழக்கம். அந்தச் சமையலறையும், மருந்து வேளைகளும், இரண்டாகி ஐந்தாகும் அந்த ஒரு வருஷமும் அவளுக்கு முழுசாகத் தெரிந்தன. முப்பத்தொன்பது வயதில் முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு வீட்டுச் சாவி வைத்திருந்தாள்.

ஃபெர்கல் கடிகாரத்தைப் பார்த்தான். எதிராளிகள் திரும்புவதற்குள் பதில் வேண்டுமாம்.

"திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்கு," என்றாள். "நர்ஸுக்கு நீயே போன் பண்ணிடு."

"என்னன்னு சொல்றது?"

"நான் வரலைன்னு. அம்மாவைப் பாக்க சனிக்கிழமை சனிக்கிழமை வரேன், ஃபெர்கல். குடியிருக்க வரமாட்டேன்."