முப்பத்தெட்டு வினாடி

இறந்துபோன கணவர் பிரகாசத்தின் மூக்குக்கண்ணாடியையும் டிபன் கேரியரையும் வாங்கிப் போகத்தான் ரோஸி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்திருந்தாள். வாங்கியும் ஆயிற்று. ஆனால் ஸ்டோர்ஸ் அறையில், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஜெகன் என்ற இளைஞன் லேப்டாப்பும் கையுமாகக் கம்பெனியின் டெலிபோன் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் அவளால் கிளம்ப முடியவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

பைக்குள் நாலாக மடித்த தாள், அந்தப் பெட்டி எழுதிய அழைப்புக் கணக்கு. அடக்கத்தன்று மேனேஜர் ஆறுதலாகக் கொடுத்தது. "கடைசியா வீட்டுக்குத்தாம்மா பேசியிருக்கார்" என்றார். பதினொன்று பத்துக்கு இந்த அறையிலிருந்து கரையான்சாவடி வீட்டு எண்ணுக்கு ஓர் அழைப்பு. எடுக்கப்பட்டது, முப்பத்தெட்டு வினாடி. பதினொன்றே காலுக்கு அவர் இந்தத் தரையில் விழுந்து கிடந்தார். அப்போது ரோஸி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். வீட்டில் மகன் ஷெர்வின் மட்டும். அப்பாவிடம் மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேசாதவன். போன் வந்ததா என்று ஒரே ஒருமுறைதான் கேட்டாள். "குளிச்சிக்கினு இருந்தேம்மா" என்றான். முப்பத்தெட்டு வினாடி கேட்டுவிட்டு வைத்தவன் வேறென்ன சொல்வான்? நாலு மாதமாக அவன் தட்டில் சோறு வைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த முப்பத்தெட்டுதான் நெஞ்சில் நின்றது.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன்."

ஜெகன் பார்த்துச் சிரித்தான். "இன்னாக்கா, இதப் போயி பத்திரமா வெச்சிக்கினு கீறே? எதிர்ல எடுத்தா லைன்ல ஒரு சிக்னல் வரணும். இந்த லைன்ல அது வர்றதே இல்ல. அதனால இருபது செகண்டு மணி அடிச்சா போதும், எடுத்துட்டாங்கன்னு பொட்டியே முடிவு கட்டிக்கினு எண்ண ஆரம்பிச்சுடும்."

"அப்போ யாரும் எடுக்கலியா?"

"அதையும் சொல்ல முடியாது. எடுத்தாலும் இதான் எழுதும், எடுக்காட்டியும் இதான் எழுதும். நம்பர் சொல்லு, காட்டறேன்."

வீட்டு எண்ணைச் சொன்னாள். மேசைப் போனிலேயே அழுத்தினான். ஸ்பீக்கரில் மணி அடித்தது. இருபதாவது வினாடியில் லேப்டாப் திரையில் பச்சை விழுந்து ஒன்றிலிருந்து எண்கள் ஓடத் தொடங்கின. மணி நிற்கவில்லை.

"பாத்தியா? யாருமே எடுக்கல, அதுக்குள்ள இந்தப் பொட்டி ஆள் வந்துட்டான்னுது." கட் செய்யக் கை நீட்டினான்.

"இரு, வெக்காத."

ரோஸி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். இருபதும் முப்பத்தெட்டும் ஐம்பத்தெட்டு. அத்தனை நேரம் அவர் இதைக் காதோடு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எதைக் கேட்டுக்கொண்டு?

திரையில் இருபத்தாறு ஓடும்போது மணி நின்றது.

"அலோ? யாரு?" ஷெர்வினுக்கு மூச்சு இரைத்தது. பின்னால் வாளியில் தண்ணீர் கொட்டும் சத்தம். குழாயைக்கூட மூடாமல் ஓடி வந்திருக்கிறான்.

திரையில் எதுவும் மாறவில்லை. இருபத்தேழு, இருபத்தெட்டு.

"அலோ... பேசுங்க, ப்ளீஸ். யாரு, அம்மாவா?"

அவள் வாயைத் திறந்தாள். கண் திரையை விட்டு வரவில்லை. முப்பத்தேழு. முப்பத்தெட்டு.

முப்பத்தொன்பது.