அது பார்த்துக்கொள்ளும்

என் தம்பி கம்ப்யூட்டர்காரன். வாயைத் திறந்தால் மூட மாட்டான். மூடக்கூடாத நேரத்தில் லேப்டாப்பை மட்டும் மூடிவிட்டான்.

குஞ்சு பொரிக்கக் கோழி முட்டைகளை அடுக்கியிருந்த அறைக்கு நானும் வீட்டுக்காரரும் மாறி மாறிக் காவல் இருந்தோம். சூடு ஏறினால் ஹீட்டரை அணைக்க வேண்டும், இறங்கினால் போட வேண்டும். தூக்கம் கெட்டு என் கண் வீங்கிக் கிடந்ததைப் பார்த்து மனசு கேட்காமல், லீவில் வந்த தம்பி உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் ஒன்றை ஹீட்டரோடு இணைத்தான். தன் லேப்டாப்பில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து என்னவோ தட்டினான். ஹீட்டர் தானாக அணைந்தது, தானாக எரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இனி நீ காவல் கிடக்க வேண்டாம்க்கா. நாளைக்கே போய்க் கண்ணக் காட்டிட்டு வா. அது பாத்துக்கும்."

மறுநாள் காலை அவன் லேப்டாப்பை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். நாங்கள் அறையைப் பூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போனோம். குஞ்சு பொரிக்கிற நேரம்தான்; அந்த முட்டைகளை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பும் இல்லை. ஆனாலும் அன்று மனசு லேசாக இருந்தது. வரிசையில் உட்கார்ந்து வீட்டுக்காரரிடம் தம்பி புராணம் பாடிக்கொண்டிருந்தபோது அவனே போன் செய்தான். குரல் சரியில்லை.

"அக்கா, வீட்டுலதானே இருக்க?"

"டாக்டர்கிட்ட வந்திருக்கோம். நீதானே போகச் சொன்ன?"

"நான் லேப்டாப்ப மூடிட்டேன்க்கா."

"மூடினா என்ன? அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் வீட்டுலதானே இருக்கு?"

"அது ஓடும். உள்ள இருக்கிற புரோகிராம் நின்னுருக்கும். லேப்டாப்ல திறந்த அந்தக் கறுப்பு ஜன்னல்ல இருந்து ஆரம்பிச்சது, ஜன்னல் போனா அதுவும் போயிடும். பின்னணியில தனியா ஓடுற மாதிரி விட்டிருக்கணும். ஒரே ஒரு வரிதான். அவசரத்துல விட்டுட்டேன்."

"ஹீட்டர்?"

"அணைஞ்சிருந்தப்ப நின்னுருந்தா கொஞ்ச நேரம் தாங்கும். எரியுறப்ப நின்னுருந்தா, எரிஞ்சுகிட்டேதான் இருக்கும்."

எதிரே இருந்திருந்தால் ரெண்டு போட்டிருப்பேன். "அங்க இருந்தே அணைக்க முடியாதா?"

"வீட்டு வைஃபைக்குள்ள இருந்தாதான்க்கா அதோட பேச முடியும்."

பக்கத்து வீடு என்று எங்களுக்கு ஒன்றும் கிடையாது. வாடகை வண்டி பிடித்தோம். வீட்டுக்காரர் டிரைவரை விரட்டினார். டிரைவர் முன்னால் ஊர்ந்த லாரியைக் காட்டினார். தம்பி போனை வைக்கவே இல்லை. அந்த ஒரு வரியை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அழுகிறான் என்று தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கையாலாகாமல் சாவியைத் திருகியபடி உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. வீட்டுக்காரர் ஓடிப்போய் ஹீட்டர் ஒயரைப் பிடுங்கினார். தட்டில் சில முட்டைகளில் உள்ளிருந்து கொத்திய சின்ன ஓட்டை இருந்தது. ஒன்றில் அலகின் நுனி வெளியே தெரிந்தது. விரலால் தொட்டேன். அசையவில்லை.

"ஏதாவது சத்தம் கேக்குதாக்கா?" என்றான் தம்பி.

அவனே கேட்டுக்கொள்ளட்டும் என்று போனைத் தட்டின் மேல் வைத்தேன்.