தத்துக் கொடுத்தவன்

வெயில் ஏறுவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாகலாபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அவர்களை ஏற்றிவந்த வேன்கள் ரோட்டோரம் காலியாக நின்றன. போன வாரம் மருந்து முக்குகிற அறையில் தீப்பிடித்து ஒரு பெண்ணுக்கு முகமும் கைகளும் வெந்துபோயின. அந்த அறைக்கு ஒரே கதவு. இன்னொரு கதவு வைக்கிறவரைக்கும் உள்ளே கால் வைக்க மாட்டோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். மாடி ஜன்னலுக்குப் பின்னால் முதலாளி இசக்கிதுரை நின்றிருந்தார். அவருடைய மேனேஜர் சங்கரபாண்டி மட்டும் கையை வீசிக்கொண்டு தனியாகக் கேட்டைத் தாண்டி வந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டு அவரை யாரும் பார்த்ததும் இல்லை. பெண்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வெயிலுகந்தம்மாளுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"மகளுக்கு வைகாசியில முகூர்த்தமாமே. எட்டயபுரத்து மாப்பிள்ளையாமே."

"ஆமா அண்ணாச்சி."

"தெரியும். மாப்பிள்ளையும் அவுக மாமாவும் நம்ம எட்டயபுரம் ஆபீசுலதான வேலை பாக்காவ. நேத்துக்கூடப் பேசிக்கிட்டிருந்தோம். தங்கமான மனுசங்க."

அவ்வளவுதான் சொன்னார். வெயிலுகந்தம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். அவள் எழுந்ததைப் பார்த்து அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்தார்கள். யாரும் யாரையும் பார்க்காமல் கேட்டுக்குள் போனார்கள். குச்சி அடுக்குகிற சத்தம் வழக்கம்போலத் தொடங்கியது. இரண்டாவது கதவு கடைசிவரைக்கும் வைக்கப்படவில்லை.

இசக்கிதுரையிடம் நாலு ஆபீஸ்கள் இருந்தன. ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல் நிலமும் நிறைய. அதில் பாதிக்கு மேல் சங்கரபாண்டி வாங்கிக்கொடுத்தது. எந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை, எவனுக்கு எதில் பயம், எந்த அதிகாரியை வீட்டில் பார்க்க வேண்டும், எவனைக் கோயிலில் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். முதலாளி வாயைத் திறந்து ஒன்றைச் சொல்லும்போது அது பெரும்பாலும் முந்தின நாள் சங்கரபாண்டி சொன்னதாக இருக்கும். முதலாளிக்கு அவர் தூரத்துப் பங்காளி, சித்தப்பா மகன் முறை. ஆனாலும் முதலாளி முன்னால் அவர் உட்கார்ந்ததில்லை.

அன்று மத்தியானம் இசக்கிதுரை அவரை மாடிக்குக் கூப்பிட்டு, எதிரில் கிடந்த நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரு."

சங்கரபாண்டி நாற்காலியைப் பார்த்தார். பெரிதாக ஒன்றைக் கேட்பதற்கு முன்னால் ஆளை உட்கார வைத்துவிட வேண்டும், உட்கார்ந்தவனுக்கு எழுந்துபோவது சிரமம் என்று முதலாளிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். உட்கார்ந்தார்.

"எனக்குப் பிள்ளை இல்ல. இனி பொறக்கவும் போறதில்ல. தம்பி சுந்தரபாண்டியன் நான் எப்பச் சாவேன்னு பாத்துக்கிட்டு இருக்கான். நான் இதையெல்லாம் கட்டுனது அவன் பிள்ளைக திங்கதுக்கா?" இசக்கிதுரை கொஞ்சம் நிறுத்தினார். "ஒன் பயல எனக்குக் குடுத்துரு சங்கரபாண்டி. ஒன் ரத்தம்னா மூளை இருக்கும்."

வேறு யாராவது கேட்டிருந்தால் அதைத் தட்டிக்கழிக்க சங்கரபாண்டிக்கு நூறு வழி தெரியும். ஆனால் மகன் நாலு ஆபீசுக்கும் முதலாளியாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை அவர் அந்த நிமிஷத்தில் பார்த்துவிட்டார். அதைப் பார்த்தது தனக்குப் பிடித்திருந்தது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"ஒங்க இஷ்டம் மொதலாளி" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சொர்ணத்தாய் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பையன் அவளுடைய முதுகில் சாய்ந்துகொண்டு எதையோ ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தான். குலதெய்வத்தின் பெயர்தான் அவனுக்கு, சுடலைமாடன். அவள் மாடா, மாடா என்று கூப்பிடுவாள். சங்கரபாண்டி சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். முறம் நின்றது.

"கேட்டாவளா? இல்ல, குடுக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டியளா?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டு வந்துட்டிய" என்றாள் அவள். "ஒத்தப் பிள்ளைய."

"எங்க போறான்? இந்தா இருக்கு பங்களா. ராஜா மாதிரி இருப்பான். நாம இன்னொண்ணு பெத்துக்கிடலாம் புள்ள."

சொர்ணத்தாய் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்போது அவள் ஏதாவது பேசியிருந்தால், கையிலிருந்த முறத்தைத் தூக்கி எறிந்திருந்தால், அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார். அவள் மறுபடியும் புடைக்கத் தொடங்கினாள். கல்லும் உளுந்துமாகத் தரையெல்லாம் சிதறியது. அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவே இல்லை.

நல்ல நாள் பார்த்து, பங்களா ஹாலில் பையனுக்குப் பட்டுச்சட்டை போட்டு, சொர்ணத்தாயின் மடியிலிருந்து தூக்கி முதலாளியம்மா சுந்தரம்மாளின் மடியில் வைத்தார்கள். குடுத்தேன் என்று மூன்று முறை சொல்லச் சொன்னார்கள். சங்கரபாண்டி தெளிவான குரலில் சொன்னார். சொர்ணத்தாய்க்கு உதடு மட்டும் அசைந்தது. அது போதும் என்றுவிட்டார்கள். பெயரை ராஜபாண்டி என்று மாற்றினார்கள். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது சுந்தரம்மாள் அவளை ஓரமாக அழைத்துப்போய், "பிள்ளை பழகுத வரைக்கும் நீ இங்கன வராத தாயி. ஒன்னையப் பாத்தா ஏங்கிப்போவான்" என்றாள். எப்போது பழகினான் என்று பிறகு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

பையன் ஓடி ஓடி வந்தான். பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கினால் பங்களாவுக்குப் போகாமல், ரயில்வே லைனைத் தாண்டி, சீமைக்கருவேலங்காட்டுக்குள் புகுந்து, முள் கிழித்த காலோடு வீட்டு வாசலில் வந்து நிற்பான். ஒவ்வொரு தடவையும் சங்கரபாண்டிதான் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டார். ஊரில் சுந்தரபாண்டியனுடைய ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். பிள்ளை ஒட்டவில்லை, தத்து செல்லாது, கோர்ட்டுக்குப் போனால் நிற்காது என்றார்கள். இசக்கிதுரை சங்கரபாண்டியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

அடுத்த தடவை பையன் வந்து நின்றபோது சங்கரபாண்டி வாசலிலேயே அவனை மறித்தார். சொர்ணத்தாயை உள்ளே போகச் சொன்னார். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். பையன், "அப்பா, அம்மைகிட்ட..." என்று தொடங்கினான். சங்கரபாண்டி அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"யாரு அப்பா? ஒங்க அப்பா பங்களாவுல இருக்காரு. நான் அங்க வேலை பாக்குத ஆளு. இது மேனேஜர் வீடு. மொதலாளி பிள்ளைக்கு இங்கன என்ன சோலி?"

பையன் கீழே விழுந்திருந்தான். அழத் திறந்த வாய் அப்படியே நின்றது. அவருடைய முகத்தில் எதையோ தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து, புழுதியைத் தட்டிக்கொண்டு, தானே போய் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றான். பங்களா வாசலில் இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான். அதற்குப் பிறகு வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற சொர்ணத்தாய் அன்றைக்கு அடுப்புப் பற்றவைத்தாள், சோறு போட்டாள். குழம்பு வேணுமா என்பது போன்ற பேச்சைத் தவிர அவளிடம் அவருக்கென்று வேறு பேச்சு அன்றோடு தீர்ந்துபோயிற்று.

செண்பகவல்லி அம்மன் தேரோட்டத்தின்போது மட்டும் அவள் கிளம்பிப் போவாள். முதலாளி குடும்பம் நிற்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், கூட்டத்துக்குள் நின்றுகொள்வாள். பையன் வருஷத்துக்கு வருஷம் உயர்ந்துகொண்டே போனான். மீசை வந்தது. அவள் எங்கே நிற்கிறாள் என்பது சங்கரபாண்டிக்குத் தெரியும். பையனுடைய பார்வை அந்தப் பக்கம் திரும்புகிற மாதிரி இருந்தால் நடுவில் போய் நின்றுகொள்வார்.

கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த ராஜபாண்டி ஆபீசைக் கையில் எடுத்தான். மிஷின் இறக்கினான். ஆட்களைக் குறைத்த அன்று, பெண்கள் ஒவ்வொருத்தியிடமும் தாழ்ந்த குரலில் ஓரிரண்டு வார்த்தை பேசினான். வீட்டு விஷயம் ஏதோ விசாரித்தான். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பின்னால் நின்றிருந்த சங்கரபாண்டிக்கு உடம்பு சிலிர்த்தது. அது பெருமையா பயமா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவரை அவன் மேனேஜர் என்றுதான் கூப்பிட்டான். மரியாதைக் குறைவாக ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.

சொர்ணத்தாய்க்குச் சர்க்கரை முற்றி, காலில் புண் வந்து, பிறகு கிட்னியும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒருநாள் சாயங்காலம், அவர் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் அவருடைய கையைப் பிடித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவளாகத் தொட்டது.

"ஒண்ணு கேக்குதேன். எனக்குக் கொள்ளி அவன் வைக்கட்டும்."

"சரி" என்றார் சங்கரபாண்டி.

"சொல்லுங்க, அவன்தான் வைப்பான்னு."

"அவன்தான் வைப்பான்."

அவள் அந்தக் கஞ்சியை முழுக்கக் குடித்தாள்.

அவள் போன அன்று காலையிலேயே சங்கரபாண்டி பங்களாவுக்குத் தகவல் சொல்லப் போனார். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோன இசக்கிதுரை சாய்வு நாற்காலியில் கிடந்தார். ராஜபாண்டி குளித்து வெள்ளை வேட்டி கட்டி, சட்டை போடாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். செல்போனில் விஷயம் முன்னமே வந்திருந்தது. சங்கரபாண்டி அந்த வெறும் உடம்பையும் வேட்டியையும் பார்த்தார். எதற்குத் தயாராக நிற்கிறான் என்று புரிந்தது.

"பெத்தவ" என்றார் இசக்கிதுரை, வாய் கோணி. "கொள்ளி வைக்கணும்னு பிரியப்படுதான். எனக்கு என்ன சொல்லதுன்னு தெரியல. நீ சொல்லு. நீ எப்பவும் சரியாத்தான் சொல்லுவ."

ராஜபாண்டி திரும்பி அவரைப் பார்த்தான். அறை வாங்கிய அன்றைக்குப் பிறகு அவன் அவருடைய முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

சங்கரபாண்டிக்குக் காதில் சுந்தரபாண்டியனுடைய ஆட்களின் பேச்சு கேட்டது. இசக்கிதுரைக்கு இன்னும் அதிக நாள் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய்த் தீச்சட்டி தூக்கினால், பெற்றவளுக்கு மகனாக நின்றால், இவன் இன்னும் அந்த வீட்டுப் பிள்ளைதானே என்று நாளைக்கே வக்கீலிடம் போவார்கள். சாட்சிக்கு ஊரே இருக்கும். நாலு ஆபீசும் கரிசலும் கையை விட்டுப் போகும். கொடுத்தது வீணாகும். அறைந்தது வீணாகும். இதையெல்லாம் அவனைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லலாம். உட்காரவைத்து அவனிடம் பேசுகிற உரிமையை அவர் எப்போதோ விட்டுக்கொடுத்திருந்தார்.

"தத்துப் போனவுக கொள்ளி வைக்கக் கூடாது மொதலாளி" என்றார். "மொறை கெடையாது. நான் வச்சுக்கிடுதேன். சின்ன மொதலாளி எல்லாரையும் போல வந்து மாலை போட்டுட்டுப் போவட்டும். ஆபீசு ஆளுக ரெண்டு மூணு பேரக் கூட்டிக்கிட்டு வரட்டும். அதான் நல்லது."

இசக்கிதுரை கண்ணை மூடித் தலையாட்டினார். ராஜபாண்டி துண்டை எடுத்து மடித்தான். ஓரம் ஓரத்தோடு சேர மெதுவாக மடித்து நாற்காலியின் கையில் போட்டுவிட்டுச் சட்டை எடுக்க உள்ளே போனான்.

தெரு நிறைய ஆட்கள். கொட்டு அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் கூடி மாரடித்துக்கொண்டிருந்தார்கள். தெரு நடுவில் மூங்கிலும் பச்சை ஓலையும் போட்டுப் பாடை கட்டத் தொடங்கியிருந்தார்கள். ராஜபாண்டியின் பெரிய கார் அதற்கு முன்னால் வந்து நின்றது. அவனும் ஆபீஸ்காரர்கள் சிலரும் இறங்கினார்கள். கொட்டு நின்றது. ஒப்பாரியும் தணிந்தது. கூட்டத்தில் சுந்தரபாண்டியனுடைய மூத்த மகன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஜபாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். மாலையைப் போட்டான். கும்பிட்டான். சொர்ணத்தாயின் முகத்தைப் பார்த்தானா, சுவரைப் பார்த்தானா என்று சொல்ல முடியாது. வெளியே வந்து, பந்தலுக்கடியில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். யாரோ கலர் சோடா கொண்டுவந்து நீட்டினார்கள், கையால் வேண்டாமென்றான். எழுந்து சங்கரபாண்டியிடம் வந்தான்.

"எவ்வளவு நாளா முடியாம இருந்தாங்க?"

"நாளாச்சு."

"என்கிட்ட யாரும் சொல்லல."

கூட்டம் முழுக்கக் காதாக இருந்தது. ராஜபாண்டி அதைச் சுற்றிப் பார்த்தான். சுந்தரபாண்டியனுடைய மகன் மேல் அவன் பார்வை ஒரு கணம் நின்று நகர்ந்தது. பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கனிவான குரலில் சொன்னான்:

"ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க மேனேஜர். ஆபீசை நான் பாத்துக்கிடுதேன்."

"சரி மொதலாளி" என்றார் சங்கரபாண்டி. சின்ன என்கிற வார்த்தை விட்டுப்போனது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

ராஜபாண்டியும் ஆபீஸ்காரர்களும் காரில் ஏறினார்கள். கார் திரும்ப இடமில்லை. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் பந்தல்கால், நடுவில் பாடை. டிரைவர் கண்ணாடியை இறக்கித் திருதிருவென்று பார்த்தான். ஆள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சங்கரபாண்டி துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். பந்தல்காரனைக் கயிற்றைத் தளர்த்தச் சொன்னார். குறுக்கே கிடந்த பச்சை ஓலைகளைத் தானே குனிந்து இழுத்து ஓரமாகப் போட்டார். பிறகு காருக்குப் பின்னால் போய் நின்று, கையை உயர்த்தினார்.

"வரலாம்... வரலாம்... இடது பக்கம் ஒடி. போதும். நேர விடு... வரலாம்."

பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். வெயிலில் கார் அங்குலம் அங்குலமாகப் பின்னால் வர, அவரும் அதற்கு முகம் காட்டிக்கொண்டே பின்னால் நடந்தார். பின்பக்கக் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. உள்ளே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கருப்புக் கண்ணாடியில் அவருடைய கைதான் தெரிந்தது. தெருமுனைக்கு வந்ததும் வண்டி ரோட்டில் ஏறி நின்றது. வழி முழுக்கத் திறந்துகிடந்தது. பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. வண்டி போகவும் இல்லை, கதவு திறக்கவும் இல்லை. சங்கரபாண்டி தூக்கிய கையை இறக்காமல் அந்தச் சிவப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார்.